பக்கத்துக் கட்டிலில் கோவர்த்தனன்

ஜூன் 4, ஞாயிறு. திண்டுக்கல்.

வங்கியில் கிடைத்த டைரியை ஸ்டெல்லா என் பையில் வைத்துவிட்டாள். ஜனவரி முதல் மே வரை அவளுடைய சமையல் குறிப்புகளும் ஜெபக்கூட்டத் தேதிகளும். மிச்சம் எனக்காம்.

"வண்டியப் பத்தி என்கிட்ட சொல்றதெல்லாம் இதுகிட்ட சொல்லுங்க. இது கொட்டாவி விடாது."

வயது முப்பத்தாறு. பைக் ரேஸில் இது பன்னிரண்டாவது வருடம். தேசிய சாம்பியன் பட்டத்துக்கான போட்டியில் மூன்று முறை இரண்டாம் இடம், ஒருமுறைகூட முதலிடம் இல்லை. இந்த வருடம் கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனி அணி என்னைச் சம்பளத்துக்கு எடுத்திருக்கிறது. ஐந்து ரேஸ். நல்ல வண்டி. நாளை காலை பஸ்.

எடை 64. இரண்டு கிலோ இறக்க வேண்டும். ஸ்டெல்லா இன்று பிரியாணி செய்தாள். நாளையிலிருந்து இறக்குகிறேன்.

ஜூன் 5, திங்கள். கோயம்புத்தூர்.

அணியின் முதலாளி சுகந்தி மேடம் ஸ்டாண்டுக்கே கார் அனுப்பியிருந்தார். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"ராயப்பன், இந்த வருசம் நம்மகிட்ட ரெண்டு வண்டிங். இன்னொரு ரைடர் யாருன்னு சொன்னா நீங்க கோவிச்சுக்கக் கூடாதுங்."

"யாரு மேடம்?"

"மதுரைக்காரர். கோவர்த்தனன்."

ஆறு வருடத்துக்கு முன் என் காரை எலும்பை முறித்தவன். அன்றிலிருந்து நாங்கள் பேசுவதில்லை. தனி அறை கேட்டேன்.

"வீடு ஒன்னுதானுங். ரூம் ரெண்டு. ஒன்னுல டயர் இருக்குதுங்."

ஜூன் 6, செவ்வாய்.

பக்கத்துக் கட்டிலில் கோவர்த்தனன்.

ஜூன் 7, புதன்.

குறட்டை விடுகிறான். மூன்றாவது கியரில் ஏற்றம் ஏறும் லாரி மாதிரி. எடை 63.5, தூக்கமின்மையால் இருக்கலாம்.

ஜூன் 10, சனி.

எங்கள் இருவர் வண்டிக்கும் மெக்கானிக் ஒருவர்தான், இஸ்மாயில் பாய். இன்று பட்டறையில் எனக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் தேவைப்பட்டது. அது கோவர்த்தனன் கையில் இருந்தது. அவன் எனக்கு ஒரு முழ தூரத்தில் நின்றான்.

"பாய், அவர்கிட்ட அந்த ஸ்பேனரை வாங்கித் தாங்க" என்றேன்.

"பாய், இந்தாங்க, அவர்கிட்ட குடுத்துருங்க" என்றான் அவன்.

பாய் வாங்கினார். என் கையில் தந்தார். "தம்பிகளா, நான் மெக்கானிக்கு வேலைக்குத்தான் வந்தேன். தபால்காரன் வேலைக்கு வரல" என்றார்.

ஜூன் 18, ஞாயிறு.

முதல் ரேஸ், கோவை டிராக்கில். நான் நான்காவது. அவன் இரண்டாவது. சுகந்தி மேடம் இருவருக்கும் ஒரே அளவு மைசூர்பாக் கொடுத்தார். எனக்குக் கொடுத்ததில் பாதியைத்தான் தின்றேன். மீதியை இரவு காணவில்லை. யார் என்று எழுதத் தேவையில்லை.

ஜூலை 3, திங்கள்.

பேசிவிட்டான். வருத்தமாக இருக்கிறது, ஒரு மாதம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

காலையில் குளியலறையிலிருந்து கத்தல். "ராயப்பா! தண்ணி நின்னுபோச்சுய்யா! மோட்டாரப் போடு! கண்ணுல சோப்பு!"

பம்ப்செட் கம்பெனியின் வீட்டில் தண்ணீர் இல்லை. நான் எழுந்து சுவிட்சைப் போட்டேன். ஓடவில்லை. பிறகு நான் கிணற்றடிக்குப் போய் மோட்டாரைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டதும் ஓடியது. அவன் துண்டோடு வெளியே வந்தான். கண் இரண்டும் சிவப்பு.

"நன்றிய்யா" என்றான்.

"பரவாயில்ல" என்று சொல்லித் தொலைத்தேன். வாயில் வந்துவிட்டது.

இதைக் கேட்டு ஸ்டெல்லா போனில் அரைமணி நேரம் சிரித்தாள்.

ஜூலை 16, ஞாயிறு. சென்னை டிராக்.

ஜெயித்தேன்!

கடைசிச் சுற்று வரை கோவர்த்தனன்தான் முன்னால். இந்த டிராக்கில் நீண்ட நேர்கோட்டின் முடிவில் வலப்பக்கம் திரும்பும் வளைவு ஒன்று இருக்கிறது. மதிலுக்கு அப்பால் தண்ணீர்த் தொட்டி தெரிவதால் நாங்கள் அதைத் தொட்டி வளைவு என்போம். அங்கே அவன் எனக்கு வெகு முன்னாலேயே பிரேக் பிடித்தான். நான் இன்னும் கொஞ்சம் ஓடவிட்டுப் பிடித்தேன். அவ்வளவுதான், உள்பக்கமாகப் புகுந்து முன்னால் வந்துவிட்டேன். அவன் இரண்டாவது.

மேடையிலிருந்து இறங்கியதும் கையை நீட்டினான். குலுக்கினேன். கேமரா இருந்தது.

அந்த வளைவில்தான் ஆறு வருடத்துக்கு முன் விழுந்தோம். அது வேறு விஷயம்.

ஜூலை 18, செவ்வாய். கோயம்புத்தூர்.

துணி துவைத்தேன். லெதர் சூட்டின் உள்துணியில் வியர்வை உப்பு வரைபடம் மாதிரி.

மாலையில் பாய் மடிக்கணினியைத் திறந்து இருவர் வண்டியின் பதிவையும் மேலே கீழே போட்டுக் காட்டினார். யார் எந்த இடத்தில் எவ்வளவு வேகம், எங்கே பிரேக் என்று எல்லாம் கோடாகத் தெரியும். எல்லா வளைவிலும் கோவர்த்தனன் என்னைவிட வேகம். ஒப்புக்கொள்கிறேன். தொட்டி வளைவில் மட்டும் அவன் கோடு பத்து மீட்டர் முன்னாலேயே சரிகிறது. எல்லாச் சுற்றிலும்.

"இங்க மட்டும் ஏன் தம்பி?" என்று பாய் கேட்டார்.

அவன் திரையைப் பார்த்துக்கொண்டே, "அங்க எனக்கு என் மேலயே நம்பிக்கை இல்ல பாய்" என்றான்.

நான் டீ போடப் போனேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைக்க வெகுநேரம் ஆனது.

ஆகஸ்ட் 11, வெள்ளி.

பயிற்சியில் விழுந்தேன். யாருடைய வண்டியோ எண்ணெய் சிந்தியிருந்தது. இடது மணிக்கட்டு பலாப்பழம். எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்றார் டாக்டர். ஞாயிறு ரேஸ் ஓட்டலாமா என்றேன். "நீங்கல்லாம் நான் வேண்டாம்னா கேக்கவா போறீங்க?" என்றார்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு.

கோவை டிராக்கில் மூன்றாம் ரேஸ். ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான்கூடப் போட முடியவில்லை. லெதர் சூட்டுக்குள் என்னை நுழைத்தது கோவர்த்தனன். தலையணையைச் சின்ன உறைக்குள் அழுத்துவது மாதிரி அழுத்தினான். ஜிப்பை இழுத்து மேலேற்றிவிட்டு, "மூச்சு விட்டா கிழிஞ்சிரும். விடாத" என்றான்.

கிளட்ச் பிடிப்பது கிளம்பும்போது மட்டும்தான், அதற்குப் பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். மூன்றாவது வந்தேன். அவன் ஜெயித்தான். கையைத் தட்ட முடியாததால் தொடையைத் தட்டினேன்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்.

நேற்றும் இன்றும் எனக்குச் சோறு பிசைந்து தட்டில் வைத்தான். என் துணியையும் பிழிந்து காயப்போட்டான். அவனுடைய ரசம் நன்றாகவே இருக்கிறது. ஸ்டெல்லாவிடம் சொல்லக்கூடாது.

"எதுக்குய்யா இம்புட்டும் செய்யிற?" என்று கேட்டேன்.

அவன் என் மணிக்கட்டுக்குப் புதுக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"ஒரு தடவ என்னால உன் எலும்பு முறிஞ்சுச்சு. அப்ப ஆஸ்பத்திரிக்கு வந்து பாக்கக்கூட மூஞ்சி இல்ல எனக்கு. வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன்யா. அதுக்குத்தான்னு வச்சுக்கயேன்."

ஆறு வருடமாக அவன் கர்வத்தால் பேசவில்லை என்று நினைத்திருந்தேன்.

"உனக்கு அன்னைக்கி நடந்தது ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"கடைசி அஞ்சு செகண்டு சுத்தமா இல்ல. தலையில அடி. கண்ணு முழிச்சா ஆம்புலன்ஸ். மொதல்ல நான் செஞ்சிருக்க மாட்டேன்னுதான் சண்டை போட்டேன். அப்புறம், நீ பொய்யா சொல்லப்போற?"

கட்டு இறுக்கமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். இறுக்கமாக இல்லை.

ஆகஸ்ட் 16, புதன்.

எழுத ஒன்றும் இல்லை. எடை 61.5.

ஆகஸ்ட் 17, வியாழன்.

எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு. சென்னை டிராக்.

மறுபடி ஜெயித்தேன். அதே இடம், அதே மாதிரி. தொட்டி வளைவு வரும்வரை அவன் பின்னாலேயே ஓட்டினேன். அவன் முன்கூட்டி பிரேக் பிடிப்பான் என்று தெரியும், பிடித்தான். நான் புகுந்தேன். தடுமாற்றத்தில் இன்னொருவனும் அவனைத் தாண்டிவிட்டான். அவன் மூன்றாவது.

இப்போது அவனுக்கு என்னைவிட இரண்டு புள்ளிதான் கூட. மற்றவர்கள் வெகு பின்னால். கடைசி ரேஸும் இதே டிராக்கில். எங்களில் யார் முன்னால் வருகிறோமோ அவர் சாம்பியன். சுகந்தி மேடம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "எப்படிப் பார்த்தாலும் கோப்பை நம்ம வீட்டுக்குத்தானுங்!" என்று குதித்தார். பம்ப்செட் டீலர்களுக்கு எல்லாம் போன் போகிறது.

சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறேன்.

செப்டம்பர் 24, ஞாயிறு. திண்டுக்கல்.

இரண்டு நாள் வீடு. மின்விசிறியைக் கழற்றித் துடைத்தேன். கேஸ் அடுப்பின் குமிழைச் சரிசெய்தேன். மிக்ஸியையும் பிரித்தேன், அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா வந்து திருப்புளியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"மிக்ஸியா?"

"மிக்ஸி இல்ல. நீங்க ஏதோ பண்ணி வச்சிருக்கீங்க."

சொன்னேன். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவளிடமும் சொல்லாதது. ஸ்டெல்லா கொட்டாவி விடவில்லை.

இங்கேயும் எழுதிவிடுகிறேன். அன்று தூறல். கடைசிச் சுற்று. கோவர்த்தனன் முன்னால், அவனுடைய பாதையில் சரியாகப் போய்க்கொண்டிருந்தான். நான்தான் உள்ளே நுழையப் பார்த்தேன். மிகத் தாமதமாக பிரேக் பிடித்தேன். முன்சக்கரம் வழுக்கி அவன் பின்சக்கரத்தில் போய் மோதினேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நடுவர்கள் வந்து கேட்டபோது, "அவன் என் குறுக்கே வந்தான்" என்றேன். எனக்கு முந்தின ரேஸிலேயே ஒரு எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள், இன்னொன்று வந்தால் தடை. பயந்துவிட்டேன். தடை அவனுக்குப் போனது, அந்த வருடம் முழுக்க. மலேசிய அணி ஒன்று அவனைச் சோதனை ஓட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தது. அதுவும் போனது.

ஸ்டெல்லா மிக்ஸியின் மூடியைத் திருகிக்கொண்டே, "எப்ப சொல்லப்போறீங்க?" என்றாள்.

"ரேஸ் முடிஞ்சதும்."

"ஏன் முடிஞ்சதும்?"

பதில் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்துவிட்டது. தப்பு தன்னுடையது இல்லை என்று தெரிந்தால் அந்த வளைவில் அவன் பயப்பட மாட்டான். அவன் பயந்தால்தான் நான் சாம்பியன்.

மிக்ஸி ஓடவில்லை.

அக்டோபர் 7, சனி. ஸ்ரீபெரும்புதூர்.

சொல்லிவிட்டேன்.

டிராக்குக்குப் பக்கத்தில் தங்கியிருக்கும் லாட்ஜுக்கு எதிரே ஓட்டலில் காலைப் பலகாரம். அவனுக்குப் பொங்கல், வடை. எனக்கு இரண்டு இட்லி. "கோவர்த்தா, அன்னைக்கி நீ என் குறுக்க வரல. நான்தான் வந்து உன்னை இடிச்சேன். நடுவர்கிட்ட பொய் சொன்னேன்." மூன்று வாக்கியம். பதினைந்து நாளாக மனப்பாடம் செய்தது.

அவன் பிய்த்த வடையைத் தட்டிலேயே வைத்தான்.

"மலேசியா விஷயம் உனக்குத் தெரியுமா அப்ப?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா சொன்ன?"

"ஆமா."

எழுந்துபோய்க் கை கழுவினான். திரும்பி வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆறு வருஷம்யா. அந்த எடம் வந்தாலே கை தானா பிரேக்குக்குப் போயிரும். இன்னொருத்தன் எலும்ப முறிச்சிருவேனோன்னு. எங்கம்மாகிட்ட, என் பொண்டாட்டிகிட்ட, நான்தான் தப்பு செஞ்சேன்னு நானே சொல்லியிருக்கேன்."

போய்விட்டான். சர்வர் வந்து, "அண்ணே, அந்த வடை வேணுமா, எடுத்துரவா?" என்றார்.

மதியம் நாளை யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்பதற்கான ஓட்டம். அவன் முதலாவது. நான் ஐந்தாவது. பாய் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "மறுபடி தபால்காரன் வேலையா?" என்றார். நாங்கள் இருவருமே சிரிக்கவில்லை.

இன்று கட்டிலை இழுத்துச் சுவரோரம் போட்டுக்கொண்டான்.

அக்டோபர் 8, ஞாயிறு.

பன்னிரண்டு சுற்று. முதல் சுற்றிலேயே இரண்டு பேரைத் தாண்டினேன், ஆறாவதில் கோவர்த்தனனுக்குப் பின்னால் வந்துவிட்டேன். மற்றவர்கள் எங்களோடு இல்லை. தொட்டி வளைவில் அவன் இன்னும் பழைய இடத்தில்தான் பிரேக் பிடித்தான். ஆறு வருடப் பழக்கம் ஒரு காலைப் பலகாரத்தில் போய்விடுமா? பதினொன்றாவது சுற்றில் அதே இடத்தில் அவனைத் தாண்டினேன். கடைசிச் சுற்றில் நான் முன்னால். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு சாம்பியன் பட்டம் ஒரு சுற்று தூரத்தில்.

நீண்ட நேர்கோடு. நூறு மீட்டர் பலகை. அதைத் தாண்டி என்னால் முடிந்த கடைசி நொடியில் பிரேக் பிடித்தேன். அதற்கு மேல் யாராலும் முடியாது என்றுதான் நினைத்தேன். அப்போது வலதுபக்கம் சத்தம். என் முழங்காலுக்கும் அவன் வண்டிக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். அவ்வளவு தாமதமாக அங்கே யாரும் பிடித்து நான் பார்த்ததில்லை. வண்டி ஆடவில்லை. கோடு கிழித்த மாதிரி உள்ளே வந்தான்.

நான் கொஞ்சம் சாய்ந்திருந்தால் வழியை அடைத்திருக்கலாம். விழுந்திருப்போம், அல்லது அவன் விலகியிருப்பான். என் பாதையிலேயே இருந்தேன். நான் அவன் குறுக்கே போகவில்லை.

அவனுக்கும் எனக்கும் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம். கோவர்த்தனன் சாம்பியன். நான் நான்காவது முறையாக இரண்டாவது.

வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. சுகந்தி மேடம் ஓடிவந்து, "ஒன்னும் ரெண்டும் நம்முளுதுங்!" என்று எல்லார் வாயிலும் மைசூர்பாக்கைத் திணித்தார், பக்கத்து அணிக்காரர் வாயிலும் சேர்த்து. பாய் என்னிடம் காகிதத்தை நீட்டினார். கடைசிச் சுற்றில் என் நேரம், என் வாழ்நாளிலேயே குறைவான நேரம். முப்பத்தாறு வயதில்.

மேடையில் மைக் என் கைக்கு வந்தபோது ஆறு வருடத்துக்கு முன் நடந்ததைச் சொன்னேன். கூட்டத்தில் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். யார், எப்போது, என்ன என்று அவர்களுக்குப் புரியவில்லை. ஏதோ நல்ல விஷயம் என்று நினைத்துப் பலமாகக் கைதட்டினார்கள். கோவர்த்தனன் மட்டும் தட்டவில்லை. கேட்டுக்கொண்டிருந்தான்.

ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். "தோத்துட்டேன்" என்றேன். "குரலைக் கேட்டா அப்படித் தெரியலையே" என்றாள்.

அக்டோபர் 10, செவ்வாய்.

சென்னையில் ரேஸ் சங்க அலுவலகத்தில் கடிதம் கொடுக்கப் போனேன். அன்று நான் சொன்னது பொய், கோவர்த்தனன் பெயரில் உள்ள தண்டனையைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். கோவர்த்தனனும் வந்தான். நான் கூப்பிடவில்லை. "நீ கொடுக்கறத நான் பாக்கணும்" என்றான்.

வாங்கிப் படித்தான். "'தண்டனை'க்கு ரெண்டு சுழி 'ன'வா போடுறது? மொதல்ல வர்றது மூணு சுழி. மாத்து" என்றான். மாற்றினேன்.

அலுவலகத்தில் இருந்தவர் இரண்டு முறை வாசித்தார். "உங்களுக்கும் தண்டனை வரலாம் சார். பரவாயில்லையா?"

"வரட்டும்."

"கமிட்டி டிசம்பர்லதான் கூடும்" என்று முத்திரை குத்திக்கொடுத்தார்.

வெளியே வந்து டீ குடித்தோம். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்.

"மன்னிச்சுட்டேன்னெல்லாம் சொல்ல மாட்டேன். உனக்கு ஆறு வருஷம் ஆச்சுல்ல, சொல்றதுக்கு? எனக்கும் டைம் வேணும்."

"எம்புட்டு?"

"தெரியல. வண்டிக்கு நேரமாச்சு, நட."

மதுரைக்குப் போகும் மத்தியான ரயிலில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. விழுப்புரம் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். திடீரென்று, "முந்தாநாள் அந்த வளைவுல நூறு மீட்டர் பலகையத் தாண்டி நான் எங்க பிரேக் புடிச்சேன்?" என்றான். அதிலிருந்து திருச்சி வரை அந்த ஒரு வளைவைப் பற்றியே பேசினோம். முறுக்கு விற்றவர் எங்கள் கையசைப்பைப் பார்த்து, கூப்பிடுகிறோம் என்று நினைத்து நான்கு முறை வந்துவிட்டார்.

திருச்சி தாண்டியதும் அவன் தூங்கிப்போனான். மணப்பாறைக்கு முன்னாலேயே தலை என் தோளில். லாரி ஏற்றம் ஏற ஆரம்பித்தது. திண்டுக்கல் வந்தது. விளக்குகள் தெரிந்தன, பிளாட்பாரத்தில் ஸ்டெல்லா நிற்பதும் தெரிந்தது. நான் ஜன்னல் வழியே என் தோளைக் காட்டினேன். அவள் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். போ என்று கையைக் காட்டினாள். ரயில் கிளம்பியது.

கொடைரோட்டில் கண்விழித்து மிரண்டு பார்த்தான். "ஏய், நீ திண்டுக்கல்லுல எறங்கலையா?"

"தூங்கிட்டேன்யா" என்றேன்.

பொய்தான். இதற்குக் கடிதம் எழுதப் போவதில்லை.